அத்தியும் குளவியும்: உயிரினங்களுக்கிடையேயான உறவு வகைகள்

இருவேறு உயிரினங்களுக்கிடையேயான உறவுகளைப் பகிர்ந்து வாழ்தல், உடன் உண்ணுதல், ஒட்டுண்ணி வாழ்க்கை, கொன்று உண்ணுதல், போட்டி எனச் சூழலியலார் வகைப்படுத்துவர். இவ்வகைகள் பல ஓரிடத்திலேயே பிணைந்து நிற்பதற்கு அத்தி மரம் (ஃபைக்கஸ் ரெசிமோசா) தக்க சான்றாகும்.

‘அத்தி பூத்தாற்போல’ என்பது வழக்கு. உண்மையில் அத்தியின் பூக்கள் காய்போன்ற மூடிய மஞ்சரியினுள் மறைந்துள்ளன. செரட்டோசோலன் ஃபியூசிசெப்ஸ் என்னும் சிறு பெண் குளவி, தான் பிறந்த மரத்தின் மகரந்தத்துடன் நுண்துளை வழியே உள்ளே நுழைகிறது; மகரந்தம் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, இறக்கிறது. முட்டையிட்ட பூக்கள் விதையாவதில்லை. அவை புழுக்களுக்கு உணவாகின்றன. எனவே பகிர்ந்து வாழ்தலிலும் இழப்பு உண்டு.

மகரந்தம் சேர்க்காத வேறு குளவிகள், மஞ்சரியின் வெளிப்புறத்திலிருந்தே நீண்ட முட்டையிடும் உறுப்பைச் செலுத்தி முட்டையிடுகின்றன. மரத்திற்கு இவற்றால் கேடே மிகுதி. இவற்றைப் பிடித்துண்ணும் முசுறு எறும்புகள், கொன்றுண்ணிகளாக இருந்தே மரத்திற்குக் காவலாகின்றன. கனிந்தபின் பறவைகளும் வௌவால்களும் விதை பரப்புகின்றன.

இதனால், நன்மையும் தீமையும் உயிரினத்தின் நிலையான இயல்புகள் அல்ல. அவை உறவைப் பொறுத்தவை என்பது பெறப்படும். மகரந்தக் குளவி அழியின் அத்திக்கு விதையில்லை; அத்தி அழியின் அக்குளவிக்கு வாழ்விடமில்லை. ஆகவே, பல்லுயிர்ப் பாதுகாப்பு தனித்தனி இனங்களோடு அவற்றின் உறவுகளையும் காத்தல் வேண்டும்.