உடுவில் விடுதியும் எங்கள் பிள்ளைகளும்

“அக்கா, பிள்ளையைத் தூர விட்டுட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?” என்று எங்கள் இறக்கக்கண்டிப் பெண்கள் குழுவில் ஒரு தாய் கேட்டார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள், விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிறாள். யாழ்ப்பாணத்தில் உள்ள உறவினர், உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில் சேர்க்கச் சொல்கிறார்கள். தாய்க்கோ பயம். அந்தப் பாடசாலையைப் பற்றி நான் அறிந்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் இதுவும் ஒன்று. பொறுப்பாக இருந்தவர் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அதனால் உணவும் உடையும் கொடுத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. படித்து முடித்துத் திருமணம் செய்யும் மாணவிக்கு மிஷனே சிறு சீதனமும் கொடுத்தது! சீதனத்தை ஒழிப்பது அன்றைக்கும் இலேசாக இருக்கவில்லை போலும். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த வாலிபர் படித்த மனைவியை விரும்பத் தொடங்கியதும், பெற்றோர் தாமாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. உதவி பெறுபவள் தன் பெயரையே விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உதவி பெற்றுப் பழகிய உங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

வின்ஸ்லோ அம்மையார் 1833இல் காலமானார். 1840இல் நியூயோர்க்கிலிருந்து வந்த எலிசா அக்னியூ 1879வரை அங்கேயே கற்பித்தார். திருமணம் செய்யாத அவரை ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்றார்கள். தன் மாணவியரின் மகள்மாரையும் பேத்திமாரையும் படிப்பித்தவர் அவர்.

1960, 61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது உடுவில் தனியார் பாடசாலையாகவே நின்றுகொண்டது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் கீழ் இருக்கிறது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது உடுவிலும் வெறிச்சோடியது. 1996இல் சனங்கள் திரும்பிய பிறகே அங்கு மீண்டும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. 2024இல் இருநூறு ஆண்டுகள் நிறைவாகின.

ஆரம்பப் பிரிவு முதல் உயர்தரம் வரை வகுப்புகள் உண்டு. வீட்டிலிருந்து வருவோரும் விடுதியில் தங்குவோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டிடம், வளவுக்கு அருகிலேயே தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. தனியார் பாடசாலை என்பதால் செலவு உண்டு. விடுதிச் சாப்பாட்டுக் காசு எவ்வளவு, எந்தெந்த மாதம் கட்டவேண்டும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் தவணைக்கு நகையை ஈடு வைக்கிற நிலை வரக்கூடாது.

சிலர் விடுதியையும் சிறுவர் இல்லத்தையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சிறுவர் இல்லம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிந்திருக்கவேண்டும். பாடசாலை விடுதியில் பிள்ளை படிப்புக்காகத் தங்குகிறாள். தவணை விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள்.

எந்த விடுதியானாலும் சேர்க்குமுன் நீங்களே போய்ப் பாருங்கள். இரவில் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்? காய்ச்சல் வந்தால் யார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்? தாயோடு தொலைபேசியில் கதைக்க எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுவார்கள்? கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளைக்கு 1929 என்ற இலக்கத்தை மனப்பாடமாக்கிக் கொடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம்.

தூரம் மனதுக்கு ஒவ்வாவிட்டால் திருகோணமலையிலேயே பாருங்கள். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடக்கிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி இப்போது அரசாங்கப் பாடசாலை. தங்க ஒரு உறவினர் வீடு கிடைத்தால் போதும்.

அந்தத் தாய் இன்னும் முடிவெடுக்கவில்லை. வருகிற சனிக்கிழமை மகளோடு உடுவிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறார். பஸ் காசை எங்கள் குழுவின் சேமிப்பிலிருந்து கடனாகக் கொடுத்திருக்கிறோம்.