காப்பி பண்ணின ஃபார்முலா எரர் காட்டுதா? மேற்கோள் குறியைப் பாருங்க!

நாட்றாம்பாளையத்தில் வீட்டில் இருந்தபடி ஒருவர் எக்செல் ஃபார்முலா ஒன்றை வேர்டில் டைப் செய்து, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பர் அதை அப்படியே ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் பேஸ்ட் செய்கிறார். எரர்! எழுத்துக்கு எழுத்து பார்த்தாலும் தப்பு தெரியவில்லை. சிக்கல், மேற்கோள் குறியில் இருக்கிறது.

ரெண்டும் ஒண்ணுதானே?

நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. கீபோர்டில் இருப்பது நேரான குறி ("). யூனிகோடில் அதன் எண் 34. வேர்டு அதைத் தானாகவே வளைந்த குறிகளாக (“ ”) மாற்றிவிடும். அவற்றின் எண்கள் 8220, 8221. எக்செல் ஃபார்முலாவும், பைத்தான் போன்ற புரோகிராமிங் மொழிகளும் நேரான குறியை மட்டுமே ஏற்கும்.

ஏன் மாற்றுகிறது?

அச்சில் திறக்கும் குறி வேறு, மூடும் குறி வேறு. டைப்ரைட்டரில் கீகளை மிச்சப்படுத்த, இரண்டுக்கும் ஒரே நேரான குறியை வைத்தார்கள். 1963-ல் வந்த ஆஸ்கி குறியீட்டிலும் அதுவே இடம்பிடித்தது. பழைய அச்சு அழகைத் திரும்பக் கொண்டுவரத்தான் இந்த ஆட்டோமேட்டிக் வசதி. முன்னால் இடைவெளி இருந்தால் திறக்கும் குறி, எழுத்து இருந்தால் மூடும் குறி என்பது அதன் கணக்கு.

எஸ்எம்எஸ்ஸிலும் செலவு

ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் வரை அனுப்பலாம். அதில் வளைந்த குறி ஒன்று நுழைந்தாலும், பொதுவாக மொத்த மெசேஜும் யூனிகோடுக்கு மாறி, வரம்பு 70 ஆகிவிடும். நூற்றுக்கணக்கான பேருக்கு பல்க் எஸ்எம்எஸ் அனுப்பும் அலுவலகத்துக்கு இது நேரடியாக காசு விஷயம். தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாக 70-தான்.

என்ன செய்யலாம்?

* வேர்டில் குறி மாறியதும் கன்ட்ரோல் + இசட் அழுத்தினால், அந்தக் குறி மட்டும் நேராகிவிடும்.
* நிரந்தரமாக நிறுத்த: ஃபைல் → ஆப்ஷன்ஸ் → ப்ரூஃபிங் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் → ஆட்டோஃபார்மேட் அஸ் யூ டைப். அங்கே ‘ஸ்மார்ட் கோட்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள்.
* கூகுள் டாக்ஸில்: டூல்ஸ் → ப்ரிஃபரன்ஸஸ்.
* ஐபோனில்: செட்டிங்ஸ் → ஜெனரல் → கீபோர்டு → ஸ்மார்ட் பங்க்சுவேஷன்.
* ஃபார்முலா, கோடு எழுத வேர்டு வேண்டாம்; நோட்பேடு போதும்.

மனுஷங்க படிக்கிற கடிதத்துக்கு வளைந்த குறி அழகு. மெஷின் படிக்கிறதுக்கு நேரான குறிதான் சரி.