மீனும் கப்பலும்

பள்ளி விடுமுறையா? சுபாங் ஜெயா நேயர்களே, உங்கள் ஊரில் எல்.ஆர்.டி. ஏறினால் ரயில் மாறாமலே கே.எல்.சி.சி. போய்விடலாம். அங்கே மாநாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அக்குவாரியா. 90 மீட்டர் கண்ணாடிச் சுரங்கத்தில் நடக்கும்போது, தலைக்கு மேலே சுறாவும் திருக்கை மீனும் நீந்திப் போகும்.

மீன் பார்த்த பிள்ளைகளுக்குக் கப்பலையும் காட்ட வேண்டும். அதற்கு மலாக்கா ஆற்றங்கரைக்குப் போங்கள். அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகமே ஒரு கப்பல்தான்! 'ஃப்ளோர் டி லா மார்' என்ற போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி அது. 1511-இல் மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க், கொள்ளைப் பொருளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பல். அதே ஆண்டிலேயே சுமத்ரா கடலோரம் மூழ்கியது.

அதற்கு முந்தைய மலாக்கா இன்னும் சுவையானது. சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்தைக் கவனிக்க நான்கு 'ஷாபந்தர்' அதிகாரிகள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு வந்த நம் தமிழ் வணிகர்களும் அவர்களில் ஒருவரின் பொறுப்பில்தான் இருந்தார்கள். கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.