ஈரமும் துணியின் வலிமையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடற்கரை ஊர்களில் துணிப் பெட்டியைத் திறந்தால் பூசண வாடை எழுவதைச் சகோதரிகள் நன்கறிவீர்கள். காற்றிலுள்ள ஈரம் துணிக்குள் புகுந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த ஈரம் எல்லாத் துணிகளையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை.

பருத்தியின் இயல்பு வியப்புக்குரியது. நனைந்தால் அதன் வலிமை 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுகிறது. கைலியும் வேட்டியும் கல்லில் அடிபட்டும் பல்லாண்டு உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெசவுக் கூடங்களில் காற்றை ஈரமாக வைத்திருப்பதும் பாவு நூல் அறாதிருக்கவே.

ரேயான் நேர்மாறு. மரக்கூழிலிருந்து பிறப்பதால் அதுவும் பருத்தியின் உறவுதான். ஆயினும் நனைந்தவுடன் ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடும், உலர்ந்தால் மீண்டும் பெறும். ரேயான் புர்காவையோ துப்பட்டாவையோ ஈரத்தோடு முறுக்கிப் பிழிந்து கிழித்துவிட்டுக் கடைக்காரரை ஏசுவது நியாயமன்று. பட்டும் கம்பளியும் ஈரத்தில் சிறிது தளரும். பாலியஸ்டரோ நீரை ஏற்பதேயில்லை எனலாம். அதனால் தளர்வதுமில்லை, வியர்வையை உறிஞ்சுவதுமில்லை.

அப்படியாயின் பருத்திக்கு ஈரத்தால் அச்சமில்லையா? உண்டு. என் தாயார் ஹஜ்ஜிலிருந்து திரும்பியபோது ஜம்ஜம் நீரில் நனைத்த கஃபன் துணியைக் கொண்டுவந்தார். இது மார்க்கக் கடமையன்று, அவர்தம் ஆசை. பாலிதீன் உறையிலிட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஒரு மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தால் மடிப்பு நெடுகக் கரும்புள்ளிகள். விரித்த கையோடு மடிப்பில் கிழிந்தது. "புதிது வாங்கித் தருகிறேன்" என்றேன். "ஜம்ஜமுக்கு எங்கே போவாய்?" என்றார்.

துணியைக் கெடுத்தது நீரன்று, பூசணம். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் அது முளைத்துப் பருத்தி இழையையே உணவாக உண்ணும். புதுத்துணியில் ஏற்றியிருக்கும் கஞ்சி அதற்குக் கூடுதல் விருந்து. பாலிதீன் உறையோ உள்ளே அகப்பட்ட ஈரத்தை வெளியேற விடுவதில்லை.

அடுத்த ஆண்டு ஹஜ் சென்று வந்த உறவினர் ஒருவர் ஜம்ஜம் தந்தார். இம்முறை முதலில் கஞ்சி போக அலசி, ஜம்ஜமில் நனைத்து, சித்திரை மாதத்தில் இரண்டு நாள் முழுதும் உலர்த்தி, பருத்திப் பையில் இட்டு வைத்தோம். மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் அதை எடுத்துக் காற்றோட்டத்தில் விரித்து, மடிப்பை இடம் மாற்றி மடிப்பதைத் தாயார் தம் கையாலேயே செய்கிறார்.