கதவு பூட்டி வாழும் சிலந்தி

வீட்டுக்குக் கதவு போடுதல் மனிதன் ஒருவனுக்கே கைவந்த கலை என்று நாம் எண்ணியிருக்கிறோம். வெள்ளவத்தையில் மாடிவீட்டில் வாழ்வோரும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வாழ்வோரும் இரவானதும் கதவைத் தாளிட்ட பின்னரே நித்திரைக்குச் செல்கின்றனர். தச்சனும் உளியும் இன்றி, மண்ணையும் தன் உடலில் ஊறும் பட்டு நூலையுமே கொண்டு, பிணைச்சலோடு கூடிய கதவை அமைத்து அதன் பின்னே காலங்கழிக்கும் சிற்றுயிர் ஒன்றும் உலகில் உண்டு. அதுவே கதவுச் சிலந்தி.

இச்சிலந்தி நம் வீட்டு மூலையிற் காணப்படும் சிலந்தியைப்போல வலை விரிப்பதில்லை. நிலத்தில் குழாய்போலக் குழி தோண்டி, அதன் உட்சுவருக்குப் பட்டு மெழுகி, வாயிலுக்கு மூடி ஒன்று செய்துகொள்ளும். மூடியின் மேற்புறம் பாசியும் சருகும் ஒட்டியிருத்தலால் அருகே நின்று பார்த்தாலும் குழி இருக்குமிடம் தெரியாது. இரவில் மூடியைச் சற்றே உயர்த்தி முன்கால்களை வெளியே நீட்டிக் காத்திருக்கும். பூச்சியொன்று நடக்கும் அதிர்வை உணர்ந்ததும் பாய்ந்து பற்றி உள்ளே இழுத்துச் செல்லும். பகைவர் வந்தாலோ மூடியை உள்ளிருந்தே இறுகப் பிடித்துக்கொள்ளும்.

எமது நாட்டுக் கதவுச் சிலந்திகள்

இவை அயல்நாட்டு விந்தைகள் மட்டுமல்ல. பிரெஞ்சு அறிஞர் இயூஜீன் சீமோன் 1892 ஆம் ஆண்டு இலங்கைக் கதவுச் சிலந்தி ஒன்றை விபரித்து, அதற்கு இத்தீவின் பண்டைப் பெயரையே சேர்த்து ‘ஹெலிக்மோமெரஸ் தப்ரபானிக்கஸ்’ எனப் பெயரிட்டார். ‘சாசன்’ என்னும் மற்றோர் இனம் நிலத்தை விட்டு மரப்பட்டையிற் குடியேறியது. பட்டையின் பள்ளத்திற் சிறு கூடு அமைத்து, இரு முனைக்கும் இரு கதவு போடுகிறது. முன்கதவைப் பகைவன் தட்டினால் பின்கதவால் வெளியேறலாம் அல்லவா?

பூச்சட்டியில் ஓர் ஆராய்ச்சி

கதவுச் சிலந்தியை வளர்த்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜோன் திரெகேர்ன் மொக்றிஜ் என்னும் பிரித்தானியர். நோயாளியான இவர் குளிர்காலத்தைப் பிரான்சின் தென்கரையிலுள்ள மென்ரோன் நகரிற் கழித்தபோது இச்சிலந்திகளை அவதானித்து, 1873 இல் நூலொன்று வெளியிட்டார். அடுத்த ஆண்டே காலமானார்.

பூச்சட்டியொன்றில் மண் நிரப்பி, அதில் உருளை வடிவான துளையிட்டுச் சிலந்தியை அவர் விட்டார். அது உடனே துளையினுள் மறைந்தது. முதலாம் இரவு துளையின் வாயில் மெல்லிய வலையொன்று தோன்றியது. அதில் மண் துணுக்கையும் வேரையும் பாசியையும் சிலந்தி சேர்த்திருந்தது. இரண்டாம் இரவு கழிந்ததும் கதவு ஏறக்குறையப் பூரணமாயிற்று.

வேறொரு சமயம், பாசி படர்ந்த நிலத்திலிருந்த கதவொன்றை அவர் அகற்றிச் சுற்றிலுமிருந்த பாசியையும் முற்றாக நீக்கினார். சிலந்தி புதிய கதவு செய்தது. தூரத்திலிருந்து பாசி கொண்டுவந்து அதன்மேல் நட்டது. வெறும் மண்ணின் நடுவே பச்சைக் கதவு தனித்துத் தெரிந்தது! பரம்பரையாய் வந்த வழக்கம் சிலந்தியைக் காக்கிறது. சூழல் மாறினால் அவ்வழக்கமே அதனைக் காட்டியும் கொடுக்கிறது.

வளர்ப்போர் கைக்கொள்ளும் முறை

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றை வளர்ப்போர் பலர். முறை மொக்றிஜ் கையாண்டதே. ஆழமான பாத்திரத்தில் களியும் மணலும் கலந்த மண்ணை அழுத்தி நிரப்பி, விரலால் ஒரு துளையிட்டுச் சிலந்தியை விடுகின்றனர். மண்ணின் ஒரு பக்கம் மாத்திரம் ஈரமாயிருத்தல் வேண்டும். சில்வண்டும் கரப்பொத்தானும் உணவு. வாரக்கணக்கிற் கதவு திறவாதிருப்பினும் மண்ணைக் கிளறல் ஆகாது. உள்ளே சிலந்தி தோல் கழற்றிக்கொண்டிருக்கலாம்; முட்டைப் பையைக் காத்துக்கொண்டும் இருக்கலாம்.

வளர்ப்பது எளிது, இனம் பெருக்குவது அரிது. பருவமடையப் பல ஆண்டுகள் செல்லும். பருவமடைந்த ஆண் தன் குழியைத் துறந்து பெண்ணைத் தேடி அலைந்து, அதிக காலம் வாழாமலே இறந்துவிடும். பெண்ணோ அதே குழியில் நெடுங்காலம் வாழும். ஒரு தாயின் பிள்ளைகளை ஒன்றாக வளர்த்தாலும், பெண்கள் பருவமடையுமுன் ஆண்கள் ஆயுள் முடிந்துவிடுவதுண்டு. ஆதலின் அவசரக்காரருக்கு இத்தொழில் ஏற்றதன்று.

இதன் ஆயுளுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். மேற்கு அவுஸ்திரேலியாவில் பாபரா யோர்க் மெயின் என்னும் பெண் விஞ்ஞானி 1974 இல் ஆராய்ச்சியைத் தொடங்கி, குழிகளுக்கு இலக்கமிட்டுக் கவனித்து வந்தார். அவற்றுள் 16 ஆம் இலக்கச் சிலந்தி 43 ஆண்டுகள் ஒரே குழியில் வாழ்ந்து 2016 இல் மறைந்தது. அதன் கதவைக் குளவியொன்று துளைத்திருந்தமை கண்டறியப்பட்டது. இத்தகைய தாயொன்றைக் காட்டில் தோண்டியெடுத்து விற்பவன், பல ஆண்டுகள் முட்டையிடவிருந்த ஒரு குடும்பத்தையே வேரறுக்கிறான். வளர்ப்பிற் பிறந்த குஞ்சுகளையே வாங்கவேண்டுமென அறிஞர் வற்புறுத்துவது இதனாலேயே.

சிறுத்தைச் சிலந்தியின் கதை

இக்கேள்வி எம்மையும் தொடுகிறது. கதவுச் சிலந்தியின் உறவினமான பெருஞ்சிலந்தி ஒன்றைச் சிங்கள மக்கள் ‘திவி மக்குளுவா’, அதாவது சிறுத்தைச் சிலந்தி என்பர். மரப்பொந்துகளில் வாழும் இவ்வினங்கள் இலங்கையிலும் இந்தியாவிலுமன்றி வேறெங்கும் இயற்கையில் இல்லை. அழகிய கோலங்கொண்ட கால்களால் மேல்நாட்டு வளர்ப்போரை இவை கவர்ந்தன. 2009 இல் வடக்கே மாங்குளப் பகுதியிற் காணப்பட்டு, 2012 இல் ‘ராஜேயி’ எனப் பெயரிடப்பட்ட இனம், அவ்வூர் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் குடியிருந்தது. காடு குறைந்தால் காட்டுயிர் வேறெங்கே செல்லும்?

அமெரிக்க அரசு 2018 இல் இலங்கைக்குரிய ஐந்து இனங்களை அழியும் நிலையிலுள்ளவை எனப் பிரகடனஞ் செய்தது. மறு ஆண்டு இலங்கையும் அமெரிக்காவும் இணைந்து, உயிரின வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் மாநாட்டில் இவற்றுக்குப் பாதுகாப்புக் கோரின. அம்மாநாடு 2019 மே மாதத்திற் கொழும்பிலேயே கூடவிருந்தது. ஏப்பிரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்து, எத்தனையோ குடும்பங்கள் துயரில் ஆழ்ந்தன. மாநாடு ஆகஸ்ட் மாதத்தில் ஜெனீவாவில் நடைபெற்றது. கோரிக்கை நிறைவேறியது. இவற்றை ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்கு அனுப்ப இப்பொழுது அனுமதிப்பத்திரம் வேண்டும்.

அயல்நாட்டுப் பெட்டிகளில் எமது சிலந்திகள் குஞ்சு பொரிப்பதால் இனம் முற்றாக அற்றுப்போகாதிருக்கலாம். ஆயினும் பெட்டியிற் பெருகிய உயிர் காட்டின் குறையை நிரப்பமாட்டாது. மரமும் பொந்தும் மண்ணும் இங்கே இருந்தாலன்றி அது திரும்பி வர இடமேது?

மாணவ நண்பர்களே! வீட்டுச் சுவரிலோ தோட்டத்திலோ பெருஞ்சிலந்தியைக் கண்டால் தும்புத்தடியைத் தேடி ஓடவேண்டாம். கையால் தொடவும் வேண்டாம். சிறுத்தைச் சிலந்தி கடித்தால் கடும் நோவும் தசைப்பிடிப்பும் உண்டாகும். எட்ட நின்று பாருங்கள். நாளும் நேரமும் குறித்து, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். மலைநாட்டுக்கோ வன்னிக்கோ விடுமுறையிற் செல்லும்போது மண்திட்டுக்களைக் கூர்ந்து நோக்குங்கள். வட்டமான சிறு மூடியொன்று தென்பட்டால், அதனைப் பெயர்த்துவிடாதீர்கள். உள்ளே உங்கள் வயதிலும் மூத்த ஒருத்தி குடியிருத்தல் கூடும்.