சில்லும் ரயரும்: மோட்டார்ச் சைக்கிளில் அளவு மாற்றம்

மோட்டார்ச் சைக்கிளின் பின்சில்லிலே பருத்த ரயரொன்று அமைந்திருத்தல் வண்டிக்குப் பொலிவு தரும் என்பது இளைஞர் பலரின் எண்ணம். அவ்வெண்ணம் தவறன்று, பொலிவு தரவே செய்யும். ஆயின் ரயர் என்பது வண்டிக்கு அணிவிக்கும் ஆபரணமன்று. வண்டியின் பாரமும், பிறேக்கின் வலிமையும், வளைவிலே வண்டியை வழுக்காது நிறுத்தும் உராய்வும் உள்ளங்கையளவான இரண்டு தொடுபரப்புக்களின் வழியாகவே வீதியைச் சென்றடைகின்றன. அத்தொடுபரப்பின் வடிவத்தை ரயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைத் தாங்கிநிற்கும் றிம்மும் தீர்மானிக்கின்றது. அளவை மாற்ற விரும்புவோர் பெரும்பாலும் கவனியாது விடுவது இதனையே.

ரயரின் பக்கத்திலே பொறிக்கப்பட்ட எண்களைப் படித்தறிதல் முதற்படியாகும். பஜாஜ் பல்சர் 150 வண்டியின் பல மாதிரிகளிற் பின்ரயர் 100/90-17 என்னும் அளவினது. இதில் 100 என்பது ரயரின் அகலத்தை மில்லிமீற்றரிற் குறிக்கும். 90 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 17 என்பது றிம்மின் விட்டத்தை அங்குலத்திற் குறிக்கும். மில்லிமீற்றரும் அங்குலமும் ஒரே வரியிற் கலந்து நிற்றல் விநோதமே. எனினும் அவ்வழக்கே நிலைத்துவிட்டது. 2.75-17 என்றாற்போன்ற பழைய குறியீடு காணப்படின் அகலமும் அங்குலத்திலேயே கூறப்பட்டதெனக் கொள்ளல் வேண்டும். அவ்வகை ரயர்களின் பக்கச்சுவர் ஏறக்குறைய அகலத்தை ஒத்த உயரமுடையது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 17 அங்குலம் 431.8 மில்லிமீற்றர் ஆகும். அதனுடன் மேலுங் கீழுமாக இரு பக்கச்சுவர்களின் உயரத்தைக் கூட்டினால் ரயரின் முழு விட்டம் பெறப்படும். 100/90-17 ரயருக்கு அது 611.8 மில்லிமீற்றர். 120/80-17 ரயருக்கு 623.8, 110/90-17 ரயருக்கோ 629.8. 120 என்னும் எண்ணைக் கண்டு அதுவே பெரிய ரயரென எண்ணுவோர் இங்கே இடறுவர். உயரத்தில் 110 அதனை விஞ்சுகின்றது. விட்டம் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கூடினால் பரிதியும் அவ்வளவே கூடும். சில்லு ஒருமுறை சுழலும்போது வண்டி முன்னையிலும் சிறிது அதிக தூரம் செல்லும். ஆதலின் பாரமேற்றி மேடேறும்போது இழுவை சிறிது குறையும். வேகமானி பின்சில்லின் சுழற்சியைக்கொண்டு இயங்குவதாயின் அதில் மணிக்கு 60 கிலோமீற்றர் எனக் கூடும் வேகம் முன்னையிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மிகையானதாகும். முன்சில்லினால் இயங்கும் வேகமானிக்கு இம்மாற்றத்தால் யாதொரு பாதிப்பும் இல்லை. பின்புறம் உயர்வதனால் முன்கவர் சற்றே நிமிரும். அதுவும் 6 மில்லிமீற்றர், 9 மில்லிமீற்றர் என்னும் அளவிற் பெரிதாகத் தோன்றாது.

இக்கணக்கை மாத்திரம் நம்பினால் 130/70-17 என்னும் ரயர் மிகப் பொருத்தமானதாகத் தோன்றும். அதன் விட்டம் 613.8, பழையதினும் 2 மில்லிமீற்றரே மிகை. ஆனால் இங்கேதான் றிம் குறுக்கே நிற்கின்றது. 100/90 ரயருக்கு 2.15 முதல் 2.75 அங்குலம் வரையுள்ள றிம் ஏற்றது. 120/80 ரயருக்கு 2.50 அங்குலமேனும் வேண்டும். 130/70 ரயருக்கு 3 அங்குலத்திற் குறைதல் கூடாது. இவ்வகலம் றிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே உட்புறமாக அளக்கப்படுவது. பெரும்பாலும் றிம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஒடுங்கிய றிம்மிலே அகன்ற ரயரைப் பூட்டினால் அதன் இரு அடிகளும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்படும். பக்கச்சுவர்கள் உட்சாயும், வீதியைத் தொடும் முகடு முட்டையின் நுனிபோலக் குவியும். அகலம் வேண்டி வாங்கிய ரயர் அவ்வகலத்தை வீதிக்குத் தருவதில்லை. வளைவிலோ, சாய்ந்த சுவர்கள் நெளிவதால் வண்டி தள்ளாடும். மறுதலையாக, அகன்ற றிம்மில் ஒடுங்கிய ரயரைப் பூட்டினால் முகடு தட்டையாகி, வண்டி சாய மறுத்து, பின்னர் திடீரெனச் சாயும்.

பருத்த ரயர் வீதியை உறுதியாகப் பற்றும் என்பாருளர். 1888 ஆம் ஆண்டில் டன்லொப் உரிமைப்பத்திரம் பெற்ற நாள்முதல் இன்றுவரை பாரத்தைப் பெரும்பாலுந் தாங்குவது றப்பரன்று, அதனுள் அடைபட்ட காற்றே. பின்சில்லின்மீது 120 கிலோகிராம் பாரமும், உள்ளே சதுரச் சென்றிமீற்றருக்கு 2 கிலோகிராம் அமுக்கமும் இருப்பின் தொடுபரப்பு ஏறக்குறைய 60 சதுரச் சென்றிமீற்றர் ஆகும். ரயர் அகன்றால் அப்பரப்பு அகன்று குறுகுமேயன்றிப் பெரிதும் வளராது. அன்றியும், அகன்ற ரயரில் வண்டி சாயும்போது தொடுமிடம் நடுக்கோட்டிலிருந்து கூடுதலாக விலகும். ஆகவே அதே வளைவை அதே வேகத்திற் கடக்க வண்டியை முன்னையினும் அதிகஞ் சாய்த்தல் வேண்டும். பற்றுறுதியை வேண்டுவோர் அகலத்தைக் காட்டிலும் றப்பரின் தரத்தையும் வயதையும் காற்றின் அமுக்கத்தையும் நோக்குதல் நன்று.

அளவெண்களை அடுத்து 55P என்றாற்போல எழுதப்பட்டிருப்பது ரயர் தாங்கும் பாரமும் வேகமும் ஆகும். 55 என்பது 218 கிலோகிராமையும், P என்பது மணிக்கு 150 கிலோமீற்றரையும் குறிக்கும். புதிய ரயர் இவற்றிற் பழையதினுந் தாழ்ந்திருத்தல் ஆகாது. கம்பிச் சில்லாயின் ரியூப் இன்றியமையாதது. கம்பி கோத்த துளைகளின் வழியே காற்றுக் கசியும்.

பூட்டியபின் ரயரின் அடியை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு றிம்மின் விளிம்பிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் நிற்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அம்புக்குறி இருப்பின் அது சுழலும் திசையையே காட்டவேண்டும். செயினுக்கும் மட்காட்டுக்கும் உள்ள இடைவெளியை வண்டி வெறுமையாக நிற்கும்போது அளப்பது போதாது. இருவர் ஏறியிருக்கையில், பின்வில்லுகள் அமுங்கிய நிலையில், மீண்டும் அளத்தல் வேண்டும். ஓடும்போது மையநீக்கவிசையினால் ரயர் இன்னுஞ் சற்றுப் பருக்கும்.