பென்சில் செல் போடும் கேமராவே போதும்

ஸ்டுடியோக்காரனுக்கு வயதாகிறது என்று முதலில் சொல்வது கண்தான். யாஷிகா கேமராவின் மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து, கிரவுண்ட் கிளாஸில் தெரிகிற முகத்தில் கண்ணிமை மயிர் எண்ணும் அளவுக்கு ஃபோகஸ் வைப்பது ஒருகாலத்தில் எனக்கு நொடி வேலை. இப்போது கண்ணாடி போட்டால் கிட்டத்தில் தெரிகிறது, எதிரில் நிற்கும் பெரியவர் மங்குகிறார். கழற்றினால் அவர் தெளிகிறார், கிரவுண்ட் கிளாஸ் மங்குகிறது. இந்த வெள்ளெழுத்துத் தொல்லையால்தான், பிலிமை விட மனசில்லாத நான், தானாக ஃபோகஸ் வைத்துக்கொள்ளும் பெரிய பிலிம் கேமராவைத் தேடி இறங்கினேன். உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒன்றை வாங்க நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. டிஜிட்டல் கேமரா வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

பெரிய கேமரா என்று நான் சொல்வதை ஆங்கிலத்தில் மீடியம் ஃபார்மட் என்பார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் பழக்கமானதுதான். நாற்பது வயது தாண்டிய யாருடைய வீட்டிலும் சதுரமான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது இருக்கும். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் ரோலுக்குப் பன்னிரண்டு என்று எடுத்தது, அல்லது எங்களைப் போன்ற ஸ்டுடியோக்காரர்கள் யாஷிகாவில் எடுத்தது. இரண்டுக்கும் போட்டது 120 ரோல். கோடக் 1901இல் கொண்டுவந்த அளவு அது. இன்றும் அதே அளவில் வருகிறது. டப்பா கிடையாது, பின்னால் கறுப்புத் தாள் ஒட்டிச் சுருட்டியிருக்கும். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இண்டு என்ற பெயரில் இதைத் தயாரித்த காலத்தில், நான் ஸ்டுடியோவில் எடுபிடிப் பையனாக நெகட்டிவ் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஆலை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது.

நான் தேடிய கேமராக்களில் ஒரு பிரேம் 56க்கு 41.5 மில்லிமீட்டர். சாதாரண 35 எம்எம் பிரேமைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலே பரப்பு. நெகட்டிவ் பெரிதாக இருந்தால் பிரிண்டைப் பெரிதாக்கினாலும் தோல், பட்டுச்சேலையின் ஜரிகை, கல்லின் சொரசொரப்பு எல்லாம் கலையாமல் நிற்கும். அந்தக் காலத்தில் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சிங் செய்து முகச் சுருக்கத்தை எடுக்க முடிந்ததும் இந்த அளவால்தான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பிரேம் பெரிதாக ஆக, கூர்மையாக விழுகிற ஆழம் குறைகிறது. ஃபோகஸ் ஒரு விரற்கடை தப்பினால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும்.

இந்த வயதில் எதற்கய்யா பிலிம் என்று என் மருமகன் கேட்காத மாதம் இல்லை. கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார், முழுக்க டிஜிட்டல். அவருக்கு நான் காட்டுவது டிரங்குப் பெட்டியை. எண்பதுகளில் எடுத்த நெகட்டிவ்களை இன்றைக்கும் வெளிச்சத்தில் பிடித்தால் ஆள் தெரிகிறார்; பிரிண்ட் போடலாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாங்கள் சிடியில் எழுதி வைத்த கல்யாணங்களில் பாதியை எந்தக் கம்ப்யூட்டரும் திறப்பதில்லை. பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஊர் ஊராகத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஸ்கேன் செய்து வைத்ததே, அந்தக் கண்ணாடித் தகடும் பிலிமும் தாள் பிரிண்டும் பரணில் கிடந்தும் பிழைத்திருந்ததால்தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களின் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பிலிமில் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத்தான் கேமரா.

ஆட்டோஃபோகஸ் 35 எம்எம் கேமராவுக்கு வந்து வெகு நாள் கழித்துத்தான் இந்தப் பெரிய கேமராக்களுக்கு வந்தது. மினோல்டா 7000 வந்தது 1985இல். பெரிய பிரேமில் ஃபியூஜி ஜிஏ645 வந்தது 1995இல். லென்ஸ் மாற்றக்கூடிய பென்டாக்ஸ் 645என் 1997இல். மமியா 645ஏஎஃப், கான்டாக்ஸ் 645 இரண்டும் 1999இல். ஹாசல்பிளாட் எச்1 2002இல். பெரிய லென்ஸின் கனமான கண்ணாடியை மோட்டார் நகர்த்த வேண்டும், வாங்குகிறவர்களோ தொழில்காரர்கள் மட்டும். கம்பெனிகள் தயங்கியதில் ஆச்சரியமில்லை. சுதாரித்து வந்தபோது டிஜிட்டல் வாசலில் நின்றது. அதனால் இந்த ரகக் கேமராக்கள் கொஞ்ச காலமே தயாராயின. இன்றைக்குப் புதிதாக ஒன்றும் வருவதில்லை. எதை வாங்கினாலும் யாரோ ஒருவர் கைபட்டதுதான்.

லென்ஸ் மாற்றக்கூடிய இந்தக் கேமராக்களில் ஃபோகஸ் எப்படித் தானாக விழுகிறது? லென்ஸின் ஒரு ஓரம் வழியாக வரும் வெளிச்சத்தையும் எதிர் ஓரம் வழியாக வரும் வெளிச்சத்தையும் கேமராவுக்குள் இருக்கும் சின்ன சென்ஸார் தனித்தனியாகப் பார்க்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு உருவமும் இருக்க வேண்டிய இடைவெளியில் இருக்கும். விலகியிருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று கணக்குப் போட்டு மோட்டாருக்குச் சொல்கிறது. இதற்கு ஏதாவது ஒரு கோடு, ஒரு ஓரம் வேண்டும். வெள்ளை வேட்டியையோ சுண்ணாம்புச் சுவரையோ காட்டினால் பிடிப்பு கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அது பழுது இல்லை. பேரம் பேசும் இடத்தில் வெற்றுச் சுவரைக் காட்டிவிட்டு, கேமரா போச்சு என்று விலை குறைக்கப் பார்க்காதீர்கள்.

சரி, எதை வாங்குவது? புத்தகத்தில் படித்தவர்கள் கான்டாக்ஸ் என்பார்கள். ஜெய்ஸ் பிளானர் 80 எம்எம், எஃப் 2 லென்ஸ். முகம் எடுக்க அதைவிட அழகான லென்ஸ் இந்த வகையில் இல்லை என்பது உண்மை. வெளிநாட்டுக் கல்யாண போட்டோகிராபர்கள் அதற்காகவே அதன் விலையை லட்சங்களுக்கு ஏற்றிவிட்டார்கள். ஆனால் அதைச் செய்த கியோசெரா 2005இல் கேமராத் தொழிலையே மூட்டை கட்டியது. சென்னையில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். யாஷிகா, ரோலை கேமராக்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். அவரிடம் கேட்டேன்.

“அண்ணே, பழைய யாஷிகான்னா குடுங்க, நாளைக்கே ரெடி. கியர் தேஞ்சா கடைஞ்சு போடுவேன், ஸ்பிரிங் போனா முறுக்கிப் போடுவேன். இதுல சர்க்யூட் போச்சுன்னா நான் என்ன பண்றது? இன்னொரு செத்த கேமரா கொண்டாங்க, அதுலேர்ந்து எடுத்து இதுக்கு வைக்கிறேன்.”

“அப்ப வாங்காதேங்கறீங்களா, பாய்?”

“வாங்குங்க. ஆனா எந்த ஜாதி நிறைய வித்திருக்கோ அதை வாங்குங்க. அதுலதான் செத்தது நிறைய கிடைக்கும்.”

இந்த ஒரு வார்த்தை பத்து விமர்சனக் கட்டுரைக்குச் சமம். அதோடு நான் சேர்த்துக்கொண்டது பேட்டரி. இந்தக் கேமராக்களில் எதுவும் பேட்டரி இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காது. கான்டாக்ஸ் கேட்பது 2சிஆர்5 என்ற சிறப்புப் பேட்டரி. ஃபியூஜியும் ஹாசல்பிளாடும் கேட்பது சிஆர்123ஏ. இரண்டையும் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். பென்டாக்ஸ் 645என்னும் மமியா 645ஏஎஃப்பும் சாதாரண பென்சில் செல் ஆறு போட்டால் ஓடும். அது பெட்டிக்கடையிலேயே தொங்குகிறது. திருப்புலிவனத்திலோ மானாம்பதியிலோ படம் எடுக்கும்போது செல் தீர்ந்தால் பையனை அனுப்பி வாங்கிவரச் சொல்லலாம்.

ஃபியூஜி ஜிஏ645ஐ ஒதுக்கவும் மனம் வரவில்லை. கையில் சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெட்டுவாக்கில் விழும், ஆள் எடுக்க வாகு. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் சத்தம் குறைவு. நடு மத்தியான வெயிலில் முகத்து நிழலைப் பிளாஷ் போட்டு நிரப்பலாம். ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. லென்ஸ் நீண்டு சுருங்கும்போது மடங்குகிற உள் ஒயர்ப் பட்டை ஒருநாள் அறுந்தால் கேமரா அத்தோடு சரி. ஜூம் வைத்த ஜிஏ645இசட்ஐ மாடலில் திரை எண்கள் மங்கிப் போயிருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

என் ஓட்டு பென்டாக்ஸ் 645என்னுக்கு. ஷட்டர் வேகத்துக்கு மேலே ஒரு திருகு, அபர்ச்சருக்கு லென்ஸில் வளையம், மெனு கிடையாது. பழைய கேமராவில் பழகிய கைக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். பழைய கையால் திருகும் ‘ஏ’ வகை லென்ஸ்களும் பொருந்தும், ஃபோகஸ் விழுந்ததும் கேமரா அடையாளம் காட்டும். அந்த லென்ஸ்கள் மலிவு. ஸ்டாண்டில் மாட்ட அடியில் ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை. எனக்கு மிகவும் பிடித்தது, எடுத்த வேகத்தையும் அபர்ச்சரையும் பிலிமின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்துவிடும். நோட்டில் குறித்து வைக்கிற வேலை மிச்சம். குறையும் உண்டு. பிளாஷ் 60இல் ஒரு பங்கு விநாடிக்கு மேலே ஒத்துவராது, ஆகவே வெயிலில் பிளாஷ் போடும் எண்ணத்தை மறந்துவிட வேண்டும். உள்ளிருக்கும் கண்ணாடி டமார் என்று எழும்பும். அதை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி 2001இல் வந்த 645என்2இல்தான் உண்டு. அதற்கு விலை கூடுதல். ரோலின் நடுவில் கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாறவும் முடியாது. எனக்கு இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள்.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பிலிம் சுற்றிவைக்கும் உட்கூடு 120க்கு ஒன்று, 220க்கு ஒன்று என்று தனித்தனி. 220 என்பது பின்தாள் இல்லாத இரட்டை நீள ரோல். இப்போது கடையில் கிடைக்கிற சரக்கு அல்ல. ஒரு விற்பனைக்காரரிடம் போனில், “கூட்டோட போட்டோ அனுப்புங்க தம்பி” என்றேன். “சார், அதெல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார். கூட்டின் மேலேயே எண் இருக்கும், அதைக் காட்ட அவருக்கு மனமில்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். கி.பி. 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது என்பது அதில் ஒரு விதி. கேமரா விற்கிறவனுக்கும் நான் அதையே வைத்துக்கொண்டேன்.

நேரில் பார்க்க வாய்த்தால் ஒரு டார்ச்சும் காலாவதியான 120 ரோல் ஒன்றும் கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல்போலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. செல் போடும் அறையில் பச்சைக் கறை இருந்தால் பழைய செல் ஒழுகியிருக்கிறது. பின்மூடியின் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம், அது மாற்றக்கூடியது. பழைய ரோலைப் போட்டு ஓட்டி, ஒவ்வொரு தடவை அழுத்தியதும் பிலிமின் மேல் பேனாவால் பிரேம் ஓரத்தைக் குறித்துப் பாருங்கள். கோடுகளின் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஏறுமாறாக இருந்தாலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ கியர் வழுக்குகிறது.

ஃபோகஸ் சோதனைக்கு நான் பயன்படுத்துவது அந்தக் கல்வெட்டுச் சுவரையேதான். சுவருக்குச் சாய்வாக நின்று, வரிசையின் நடுவில் ஒரு எழுத்தில் ஃபோகஸ் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் போதும். கழுவிப் பார்க்கும்போது குறி வைத்த எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய எழுத்தோ பிந்தைய எழுத்தோ தெளிந்தால் கேமரா பொய் சொல்கிறது. கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் அனுமதி இல்லாமல் ஸ்டாண்ட் வைக்க விடமாட்டார்கள். காலை வெளிச்சத்தில் கையாலேயே எடுக்கலாம்.

நல்ல நிலையில் உள்ளவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருகின்றன. அங்கே போட்டிருக்கும் விலையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அனுப்புகிற செலவும் சுங்க வரியும் ஏறினால் தொகை வேறு. லென்ஸோடு சேர்த்து அரை லட்சத்துக்குமேல் ஒதுக்கிவைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது நல்லது. கலர் ரோல் ஒன்றே ஆயிரம் ரூபாயைத் தாண்டும், கிடைப்பது பதினாறு படம். கழுவவும் ஸ்கேனுக்கும் தனி. கறுப்பு வெள்ளையை நான் வீட்டிலேயே கழுவுகிறேன். டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் குழாய்த் தண்ணீர் முப்பதுக்கு மேலே இருப்பதால் ஐஸ் கட்டியும் செலவுக் கணக்கில் உண்டு.

திருப்பி அனுப்பக் கெடு தராத கடையில் வாங்காதீர்கள். கேமரா கைக்கு வந்த அன்றே ஒரு ரோல் போட்டு, எடுத்து, கழுவிப் பார்த்துவிடுங்கள். கெடு முடிந்தபின் சர்க்யூட் போனால், சென்னை பாய் கேட்கப்போவது இன்னொரு செத்த கேமராவைத்தான்.